'ஏற்கிறேன்' என்று அழுத்தினால் அவ்வளவுதானா? செயலிகள் விதிமுறைகளை மாற்றும்போது உங்களுக்கு என்ன உரிமை உண்டு?

அவசரமாக எதையோ பார்க்கக் கைத்தொலைபேசியில் செயலியைத் திறக்கிறீர்கள். திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி.

"எங்கள் சேவை விதிமுறைகளைப் புதுப்பித்துள்ளோம்."

கீழே பெரிதாக ஒரு பொத்தான்: "ஏற்கிறேன்". 'வேண்டாம்' என்று சொல்ல எங்கே அழுத்துவது? தேடிப் பார்த்தாலும் கிடைக்காது.

என்ன பண்ணுவீங்க? அழுத்திட்டுப் போயிடுவீங்க. எல்லாரும் அதைத்தான் செய்கிறோம். பஸ் வர 2 நிமிடம் இருக்கும்போது பக்கம் பக்கமாகச் சட்ட வாசகத்தைப் படிக்க யாருக்கு நேரம்? நிறுவனங்களுக்கும் அது நன்றாகவே தெரியும்.

"படிச்சுப் பார்த்திருக்கணும்" என்று அறிவுரை சொல்வது சுலபம். படித்துப் பிடிக்காமல் போனால் உங்களால் என்ன செய்ய முடியும் என்பதுதான் கடினமான கேள்வி.

புதிதாக ஒரு செயலியில் சேரும்போது விதிமுறை பிடிக்கவில்லை என்றால் விலகிப் போகலாம். இழப்பு ஒன்றுமில்லை. 5 ஆண்டு கழித்து அதே கேள்வி வந்தால்? உங்கள் படங்கள் உள்ளே, உரையாடல்கள் உள்ளே, ஆண்டுச் சந்தாவுக்குக் கட்டிய பணமும் உள்ளே. வாடகை வீட்டில் உங்கள் சாமான்களை வைத்துப் பூட்டிவிட்டு, "புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் சாவி" என்று வீட்டுக்காரர் சொல்வதைப் போன்றது அது.

வாட்ஸ்அப்பில் என்ன நடந்தது?

2021ஆம் ஆண்டு ஜனவரி உங்களுக்கு நினைவிருக்கலாம். வாட்ஸ்அப் திடீரென்று ஓர் அறிவிப்பை அனுப்பியது. புதிய தனியுரிமைக் கொள்கையை பிப்ரவரி 8ஆம் தேதிக்குள் ஏற்கவேண்டும். ஏற்காவிட்டால் சேவையைத் தொடர்ந்து பயன்படுத்த முடியாது.

குடும்பக் குழுக்களில் பதற்றம். "நம்ம மெசேஜ் எல்லாத்தையும் படிக்கப் போறாங்களாம்" என்ற வதந்தி வேறு. அது உண்மையில்லை. தனிப்பட்ட உரையாடல்களுக்கான மறையாக்கம் மாறவில்லை. நிறுவனங்களுடன் நீங்கள் பேசும் உரையாடல்களும் ஃபேஸ்புக்குடன் பகிரப்படும் தகவல்களும்தான் அந்த மாற்றத்தின் மையம்.

ஆனால் கோபத்துக்கு நியாயமான காரணம் ஒன்று இருந்தது. 2016இல் வாட்ஸ்அப் இதேபோல் கொள்கையை மாற்றியபோது, விளம்பரத்துக்காக என் கணக்குத் தகவலை ஃபேஸ்புக்குடன் பகிர வேண்டாம் என்று சொல்ல ஏற்கெனவே பயன்படுத்தியவர்களுக்கு 30 நாள் அவகாசம் இருந்தது. 2021இல் அந்த வாய்ப்பு இல்லை. ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் வெளியே போ.

வெளியே போவது என்றால் எங்கே போவது? லட்சக்கணக்கானோர் சிக்னலையும் டெலிகிராமையும் பதிவிறக்கம் செய்தார்கள். ஆனால் அம்மா, பாட்டி, இணைப்பாட நடவடிக்கைக் குழு, பகுதிநேர வேலையின் மேலாளர் எல்லாரும் வாட்ஸ்அப்பில்தான் இருந்தார்கள். நீங்கள் மட்டும் போய் என்ன பயன்?

எதிர்ப்பு வலுத்ததும் காலக்கெடு மே 15ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. அந்தத் தேதியில் யாருடைய கணக்கும் நீக்கப்படாது, ஆனால் வசதிகள் படிப்படியாகக் குறையலாம் என்று நிறுவனம் சொன்னது. சில வாரங்களில், வசதிகளைக் குறைக்கும் திட்டமும் இல்லை என்றது. ஜனவரியில் "கட்டாயம்" என்று சொன்ன ஒன்று, மே முடிவதற்குள் "நினைவூட்டல்" ஆகிவிட்டது.

இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் காலக்கெடு எப்போதும் கல்வெட்டு இல்லை.

விவகாரம் அதோடு நிற்கவில்லை. இந்தியாவின் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஏற்றால் ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் விடு என்ற வகையில் மாற்றத்தைத் திணித்ததும், சந்தையில் இருக்கும் ஆதிக்கத்தால் மக்களுக்கு நிஜமான தெரிவு இல்லாமல் போனதும் அதற்குக் காரணங்கள். மெட்டா மேல்முறையீடு செய்தது. ஐரோப்பாவில் வேறு வழி. 2023 மார்ச்சில், இனி மாற்றங்களைத் தெளிவாக விளக்குவதாகவும் 'நிராகரி' என்ற தெரிவை 'ஏற்கிறேன்' அளவுக்கே எடுப்பாகக் காட்டுவதாகவும் வாட்ஸ்அப் அங்குள்ள அதிகாரிகளிடம் வாக்குறுதி கொடுத்தது.

பொத்தானின் அளவுக்கெல்லாம் ஒரு வாக்குறுதியா என்று சிரிக்கவேண்டாம். இந்த விளையாட்டில் பாதி அங்கேதான் நடக்கிறது.

விலை மாறும்போது

தகவல் பற்றிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. விலை மாறினால் உடனே உறைக்கும்.

2024 இறுதியில் மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவில் 'கோபைலட்' என்ற செயற்கை நுண்ணறிவு வசதி சேர்ந்தது. கூடவே விலையும் ஏறியது. முதலில் அறிமுகமான நாடுகளில் சிங்கப்பூரும் மலேசியாவும் இருந்தன. ஆஸ்திரேலியாவில் தனிநபர் ஆண்டுச் சந்தா 109 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 159க்குத் தாவியது. அதாவது ஏறத்தாழ 46 விழுக்காடு.

புதிய வசதி வேண்டாம், பழைய விலையே போதும் என்பவர்கள் என்ன செய்வது? அதிக விலை கொடுங்கள் அல்லது சந்தாவை ரத்து செய்யுங்கள் என்பதுபோலத்தான் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் போனதாக ஆஸ்திரேலியப் போட்டி, பயனீட்டாளர் ஆணையம் சொல்கிறது. ஆனால் மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. கோபைலட் இல்லாத 'கிளாசிக்' திட்டம், பழைய விலையில். அது எங்கே தெரிந்தது தெரியுமா? ரத்து செய்யும் பொத்தானை அழுத்தி உள்ளே போனால் மட்டும்!

2025 அக்டோபரில் அந்த ஆணையம் நீதிமன்றத்துக்குப் போனது. ஏறத்தாழ 2.7 மில்லியன் ஆஸ்திரேலியர்கள் தவறாக வழிநடத்தப்பட்டதாக அது குற்றஞ்சாட்டியது. அடுத்த மாதமே நிறுவனம் அங்குள்ள சந்தாதாரர்களிடம் மன்னிப்புக் கேட்டு, பழைய திட்டத்துக்கு மாறுவோருக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.

ஒரு சின்ன பாடம்: சந்தா விலை ஏறும் என்று மின்னஞ்சல் வந்தால், ரத்து செய்யும் எண்ணம் இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் வரை போய்ப் பாருங்கள். கடைசிப் பொத்தானை அழுத்தாதவரை எதுவும் ஆகாது.

சொல்லாமலே மாற்றினால்?

"இந்த விதிமுறைகளை நாங்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். தொடர்ந்து பயன்படுத்தினால் நீங்கள் ஏற்றுக்கொண்டதாகப் பொருள்."

இந்த வரி இல்லாத சேவை அபூர்வம். இது செல்லுமா?

சிங்கப்பூரில் இதைத் தொட்டுச் சென்ற ஒரு வழக்கு உண்டு. 'குவாய்ன்' என்ற மின்னிலக்க நாணயப் பரிமாற்றத் தளத்தில் 2017 ஏப்ரலில் ஒரு கோளாறு. 'பி2சி2' என்ற நிறுவனம் சந்தை விலையைப்போல் சுமார் 250 மடங்கு விலைக்கு எத்தீரியம் நாணயங்களை விற்றுவிட்டது. எல்லாம் கணினி தானாகச் செய்த வர்த்தகம். மறுநாள் குவாய்ன் அந்த வர்த்தகத்தை ரத்து செய்து பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

அதற்கு அது சொன்ன காரணங்களில் ஒன்று, வழக்கத்துக்கு மாறான விலையில் நடந்த வர்த்தகத்தை ரத்து செய்யும் உரிமை தனக்கு உண்டு என்பது. எங்கே எழுதியிருக்கிறது? சில வாரங்களுக்கு முன்பு இணையத்தளத்தில் ஏற்றிய ஓர் ஆவணத்தில். சிங்கப்பூர் அனைத்துலக வர்த்தக நீதிமன்றம் 2019இல் அதை ஏற்கவில்லை. பயனாளர்களுக்குச் சரியாகத் தெரிவிக்காமல் தளத்தில் ஏற்றிவைத்த ஆவணம் ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடாது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் குவாய்ன் ஒப்பந்தத்தை மீறியது என்றே முடிவு செய்தது.

அது இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கு. உங்களையும் என்னையும் போன்ற பயனீட்டாளர் வழக்கு அல்ல. என்றாலும் அடிப்படை ஒன்றுதான். உங்களுக்குத் தெரியாமல் எங்கேயோ மாற்றி எழுதிவிட்டு "நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள்" என்று சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை.

ஆனால் பெட்டி வந்து, நீங்கள் 'ஏற்கிறேன்' என்று அழுத்திவிட்டால்? "நான் படிக்கலை" என்பது பெரும்பாலும் எடுபடாது. கையெழுத்துப் போட்டவர் கட்டுப்பட்டவர் என்பது பழைய சட்டக் கொள்கை. அங்கே உங்களுக்குத் துணை வருபவை வேறு சட்டங்கள்.

சிங்கப்பூர்ச் சட்டம் என்ன சொல்கிறது?

மூன்று சட்டங்களைத் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

முதலாவது, பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக)ச் சட்டம். 2004இல் நடப்புக்கு வந்தது. நியாயமற்ற வர்த்தக நடைமுறைகளை அது பட்டியல் போட்டிருக்கிறது. மனசாட்சிக்கு ஒவ்வாத அளவுக்குக் கடுமையான, ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் சேர்த்துப் பயனீட்டாளரைச் சுரண்டுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. நிறுவனம் வெளிநாட்டில் இருந்தாலும் நீங்கள் சிங்கப்பூரில் வசித்தால் சட்டம் பொருந்தும். "இந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது" என்று ஒப்பந்தத்தில் எழுதித் தப்பிக்கவும் முடியாது.

இரண்டாவது, நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம். இது பிரிட்டன் 1977இல் இயற்றிய சட்டம். சிங்கப்பூரிலும் நடப்பில் உள்ளது. நீங்கள் நியாயமாக எதிர்பார்த்த சேவையிலிருந்து பெரிதும் மாறுபட்ட ஒன்றைத் தருவதற்கு ஒரு நிபந்தனை இடம்கொடுத்தால், அது நியாயமானது என்ற சோதனையில் தேறவேண்டும். "எதை வேண்டுமானாலும் மாற்றுவோம்" என்ற வரியைக் கேள்வி கேட்க இது கைகொடுக்கலாம்.

மூன்றாவது, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். என் கணக்கில் இளையர்களுக்கு அதிகம் பயன்படக்கூடியது இதுதான். சேவையை வழங்க நியாயமாகத் தேவைப்படும் அளவைத் தாண்டி உங்கள் தகவலைக் கேட்டு, "கொடுத்தால்தான் சேவை" என்று ஒரு நிறுவனம் நிபந்தனை போடக்கூடாது. அப்படி வாங்கிய சம்மதம் செல்லாது. நீங்கள் அழுத்தியிருந்தாலும் செல்லாது! கொடுத்த சம்மதத்தைப் பின்னர் மீட்டுக்கொள்ளவும் முடியும். மீட்டுக்கொண்டால் என்ன விளைவு என்பதை நிறுவனம் உங்களுக்குச் சொல்லவேண்டும். சிங்கப்பூரில் ஆண்டு வருவாய் 10 மில்லியன் வெள்ளியைத் தாண்டும் நிறுவனம் சட்டத்தை மீறினால் அந்த வருவாயில் 10 விழுக்காடு வரை அபராதம் விதிக்கப்படலாம்.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு பொடி எழுத்தும் இருக்கிறது. 2021 பிப்ரவரி 1 முதல், 'அறிவித்து, மறுக்க அவகாசம் கொடுத்து, நீங்கள் மறுக்காவிட்டால் சம்மதித்ததாகக் கருதுவது' என்ற வழி நிறுவனங்களுக்கு உண்டு. பாதிப்பு வருமா என்று அவை முதலில் மதிப்பிடவேண்டும். விளம்பரச் செய்திகள் அனுப்புவதற்கு இந்த வழியைப் பயன்படுத்தக்கூடாது. இருந்தாலும் பாருங்கள், நீங்கள் திறக்காமல் விட்ட மின்னஞ்சல்கூட ஒரு பதில் ஆகிவிடலாம்.

மௌனம் சம்மதமா?

ஜெர்மனி இதற்கு நேர்மாறாக ஒரு பதிலைச் சொன்னது. வங்கி விதிமுறையை மாற்றி, இரண்டு மாதத்துக்குள் வாடிக்கையாளர் மறுக்காவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் போஸ்ட்பேங்க் வங்கியின் நிபந்தனை செல்லாது என்று அந்நாட்டின் உச்ச சிவில் நீதிமன்றம் 2021 ஏப்ரல் 27ஆம் தேதி தீர்ப்பளித்தது. அந்த வழியில் ஏற்றிய கட்டணங்களைத் திருப்பிக் கேட்டு வாடிக்கையாளர்கள் வங்கிகளின் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி 1 முதல் இன்னும் தெளிவான விதியை நடப்பில் வைத்திருக்கிறது. தொடர்ந்து வழங்கப்படும் மின்னிலக்கச் சேவையை நிறுவனம் பாதியில் மாற்றவேண்டும் என்றால், ஒப்பந்தத்தில் அதற்குத் தகுந்த காரணம் சொல்லப்பட்டிருக்கவேண்டும். மாற்றத்துக்காகக் கூடுதல் செலவை உங்கள் தலையில் கட்டக்கூடாது. தெளிவாக அறிவிக்கவேண்டும். மாற்றம் உங்களுக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பைத் தந்தால், 30 நாளுக்குள் அபராதம் இல்லாமல் நீங்கள் வெளியேறலாம்.

சிங்கப்பூரில் இந்தக் கடைசி அம்சம் செயலிகளுக்கும் மின்னிலக்கச் சந்தாக்களுக்கும் பொதுவான விதியாக இல்லை. ஆனால் நமக்கு இது புதிய யோசனையும் இல்லை! கட்டணத் தொலைக்காட்சிக்கு ஏற்கெனவே அப்படியொரு விதி இங்கே உண்டு. ஒப்பந்தக் காலத்துக்கு நடுவே நிறுவனம் தானாக விலையை ஏற்றினாலோ முக்கிய ஒளிவழிகளை நீக்கினாலோ, முன்கூட்டியே விலகுவதற்கான கட்டணம் இல்லாமல் சந்தாதாரர் வெளியேறலாம்.

வரவேற்பறைத் தொலைக்காட்சிக்கு ஒரு நியாயம், கையில் இருக்கும் தொலைபேசிக்கு வேறு நியாயமா? அதே படத்தை இன்று பெரும்பாலோர் ஒளிபரப்புச் செயலியில்தான் பார்க்கிறோம். விதி இன்னும் பழைய பெட்டியிலேயே இருக்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அங்குள்ள பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம்.

சரி, அடுத்த முறை பெட்டி வந்தா என்ன பண்ணலாம்?

உடனே அழுத்தாதீர்கள். மூலையில் 'பிறகு' என்றோ பெருக்கல் குறியோ இருக்கிறதா பாருங்கள். பல நேரம் இருக்கும். நிறம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான். பெட்டியைத் திரைப்படம் பிடித்து வையுங்கள். தேதி அதில் பதிவாகிவிடும். பின்னால் புகார் கொடுக்கப் போனால் "எப்போது, என்ன சொன்னார்கள்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. விலை, தகவல் பகிர்வு, உங்கள் படைப்புகளை யார் பயன்படுத்தலாம், தகராறு வந்தால் எங்கே போகவேண்டும். இந்த நான்கை மட்டும் தேடுங்கள். படம் வரைபவர், காணொளி எடுப்பவர், பாட்டுப் பதிவு செய்பவர் என்றால் மூன்றாவதை விடாதீர்கள். 2025 ஜூலையில் கோப்புகளை அனுப்ப உதவும் வீடிரான்ஸ்ஃபர் சேவையின் புதிய விதிமுறையில், இயந்திரக் கற்றலுக்குப் பயனாளர் கோப்புகளைப் பயன்படுத்தலாம் என்று பொருள்படும் ஒரு வரி இருந்தது. படைப்பாளிகள் கவனித்துக் குரல் எழுப்பினார்கள். கோப்புகளை அப்படிப் பயன்படுத்தவில்லை என்று விளக்கிய நிறுவனம், நடப்புக்கு வருவதற்கு முன்பே அந்த வரியை எடுத்துவிட்டது. யாரோ படித்ததால்தான் அது நடந்தது.

தகவல் விஷயம் என்றால் நிறுவனத்தின் தகவல் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். சிங்கப்பூரில் ஒவ்வொரு நிறுவனமும் அப்படி ஒருவரை நியமிக்கவேண்டும். அவரைத் தொடர்புகொள்ளும் வழி பொதுவில் இருக்கவேண்டும். நீளமாக எழுதவேண்டியதில்லை. எந்தப் பயன்பாட்டுக்குச் சம்மதத்தை மீட்டுக்கொள்கிறீர்கள், அதனால் சேவையில் என்ன மாறும் என்று இரண்டு வரி போதும். பதில் சரியில்லை என்றால் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம்.

பணம் விஷயம் என்றால் முதலில் நிறுவனத்திடம், பிறகு சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம். அதுவும் சரிவரவில்லை என்றால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை கோரலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. 2 ஆண்டுக்குள் போகவேண்டும். வழக்கறிஞர் வைக்கமுடியாது, அதனால் அந்தச் செலவும் இல்லை. 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டவேண்டியது 10 வெள்ளிதான். நிறுவனத்துக்குச் சிங்கப்பூரில் முகவரி இல்லை என்றால் மட்டும் இந்த வழி கடினம். சேர்வதற்கு முன்பே அதைப் பார்த்துவைப்பது நல்லது.

இன்னொன்று. உங்கள் சாமான்களின் ஒரு பிரதி எப்போதும் வெளியே இருக்கட்டும். கூகளில் 'டேக்அவுட்' வழியாகப் படங்களையும் மின்னஞ்சல்களையும் இறக்கிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் ஒவ்வோர் உரையாடலையும் தனித்தனியாக ஏற்றுமதி செய்ய வழி இருக்கிறது. ஆண்டுச் சந்தாக்களின் புதுப்பிப்பு நாளுக்கு 2 வாரம் முன்பாக நாள்காட்டியில் ஒரு நினைவூட்டல் போட்டுவைத்தால், விலை மாறியிருக்கிறதா என்று பார்க்கவும், வேண்டாம் என்றால் அட்டையிலிருந்து பணம் போவதற்கு முன்பே நிறுத்தவும் நேரம் கிடைக்கும்.